எல்லர்ஸ்லியில் மண்ணெண்ணெய்ப் புகை

1997 பெப்ரவரி, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், மனுரேவாவில் உள்ள தங்கை வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். ஓட்டியவர் தங்கையின் கணவர் அன்ரன். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி எல்லர்ஸ்லியில் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி; நுழைவுக் கட்டணம் மூன்று டாலர். ஒக்லாந்தில் நானாகக் கேட்டுப் போன இடம் இது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் மருத்துவமாதாக நான் பிரசவங்களுக்கு ஓடித் திரிந்தது ஓர் ஐம்பது சிசி ஜப்பான் வண்டியில்.

பத்து மணிக்கு அதே ரக வண்டியைப் புல்வெளியில் கண்டேன். நீல உடல், வெள்ளைக் கால்மறைப்பு. ஓடியே போய்விட்டேன்! சொந்தக்காரர் ரோன் என்ற மாவோரி இனத்தவர். பக்கத்தில் மெலிந்த ஜப்பானியர் ஒருவர் கால்மறைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பெயர் ஓக்குரா, ஒக்லாந்தின் எப்சம் பகுதியிலுள்ள மகளிடம் வந்தவர்.

"இந்த வண்டியை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன்" என்றார் ஆங்கிலத்தில்.

ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு மறுகையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்றாராம் மேலதிகாரி. அதனால் கிளச் பிடியையே எடுத்துவிட்டார்கள். பாவாடையோடு ஏற வசதியாக நடுவில் பள்ளமாக வளைத்தார்கள். சேறு தெறிக்காத கால்மறைப்புக்காக ஓக்குரா களிமண்ணில் பதினொரு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்.

"அந்தப் பள்ளத்தால்தான் நான் சேலையோடு ஓட்டினேன். போர்த் தடையால் பெற்றோல் கிடைக்காத ஐந்து வருடமும் மண்ணெண்ணெயில்" என்றேன்.

ஓக்குரா தலையை ஆட்டி மறுத்தார். "முடியாது. இந்த எஞ்சின் அதற்கானதல்ல."

"காட்டட்டுமா?"

அன்ரன் பதறினார். "அக்கா, ஆரோ ஒராளின்ரை வண்டி. பழுதாப் போனா என்ன செய்யிறது?"

"ஒண்டும் ஆகாது. நீர் சும்மா நில்லும்."

இரண்டு வருடம் பாடுபட்டுப் புதுப்பித்த வண்டியை ரோன் ஒரு தடவை பார்த்தார். பிறகு, பாகங்கள் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கித் தந்தார்.

பெற்றோலை வடித்து, எரிபொருள் தாங்கியில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில், முதலில் பற்றிக்கொள்வதற்காகச் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தேன். சத்தமில்லை. மீண்டும் துளிகள், மீண்டும் உதை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐந்து வருடத்தையும் பொய் என்று நினைத்துவிடுவார்களோ?

ஆறாவது உதையில் வண்டி இருமியது. வெண்புகை கக்கியது. கைப்பிடியின் முறுக்கைத் தளர்த்தாமல் பிடித்தேன். படபடவென்று ஓடத் தொடங்கியது! சேலையைச் செருகிக்கொண்டு ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓக்குரா பின்னால் ஓடி வந்தார், கைதட்டியபடி. இறங்கியதும் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார்.

"எத்தனை துளி? எப்படி விட்டீர்கள்? எழுதுங்கள். நாங்கள் இதைச் சோதிக்கவே இல்லை."

காற்றுக் குழாயைப் படமாகவே வரைந்து கொடுத்தேன். ரோன் புகைக்குள் நின்று இருமிக்கொண்டே சிரித்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பும் வழியில் அன்ரன் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினார். "நான் அடிக்கட்டே?" என்று கேட்டு இறங்கினேன். குழாயின் பிடியை அழுத்தியதும் பெற்றோல் பாய்ந்தது. சற்று நேரத்தில் டக்கென்று தானாக நின்றது. பயந்து போனேன்.

"பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா, நிரம்பிட்டுது."