கங்காணி மகனும் நேர்ந்துவிட்ட கோழியும்

கப்பலை விட்டு இறங்கிய அன்று, ராமேசுவரத்துச் சோதனைக் கொட்டகையில் ராஜரத்தினம் ஒரு நல்ல காரியம் செய்தார். அவரைப் பற்றிப் பேசுவதென்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

அதே கப்பலில் வந்த தெய்வம்மாவின் மூட்டைக்குள் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. சிலோன் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அள்ளிய ஒரு பிடி மண். அதிகாரி ஒவ்வொருவர் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டிக்கொண்டே வந்தார். மிளகாய்த்தூளைக்கூட விடவில்லை. அடுத்த வரிசையில் கோட்டுப் போட்டு நின்ற ராஜரத்தினம் கையை நீட்டினார். முடிச்சு அவருடைய கோட்டுப் பைக்குள் போய்விட்டது. கோட்டுப் போட்ட ஆளை யார் சோதிப்பார்கள்? அவர் கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். இரண்டு நாள் கழித்து மண்டபம் முகாமில், இரவல் வாங்கிய தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதுபோல முடிச்சை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

யாருக்காவது ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தால் அதை ஒரு மாதம் சொல்லிக்காட்டுகிற மனிதர், இதை மட்டும் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. தெய்வம்மாவுக்கு அதுதான் விளங்காத சங்கதி. அந்த மண்ணைப் போட்டுத்தான் கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே கற்பூர மரத்தடியில் மூன்று செங்கல்லும் ஒரு சூலமும் நட்டு அம்மாளை உட்கார வைத்தார்கள்.

மற்றபடி ராஜரத்தினத்திடம் மெச்சிக்கொள்ள எதுவும் இல்லை. அம்மாள் பொறுக்க வேண்டும், உண்மை அதுதான்.

அவருடைய அப்பா சிலோனில் கங்காணி. நாற்பது பேருக்கு வேலை சொன்னவர். மகன் செய்ததெல்லாம் அப்பாவின் குடைக்குக் கீழே நடந்தது ஒன்றுதான். அந்தக் குடை போய், தோட்டம் போய், நாடும் போய், எல்லாரோடும் ஒரே ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து இறங்கின பிறகும் அவர் குடைக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தார். கவாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். மணிக்கட்டு வலி என்றார். மண்வெட்டியைக் கொடுத்தார்கள். முதுகு வலி என்றார். கடைசியில் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குக் காவல் என்று ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு வலியும் வரவில்லை.

கோட்டின் கழுத்து நைந்து, மூன்று பொத்தானில் ஒன்று சட்டைப் பொத்தானாக மாறியிருந்தது. பெண்சாதி சிலோனிலேயே தவறிப்போனவள், பிள்ளை இல்லை. லயத்தில் ஆளுக்கு ஒரு நாள் சோறு கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "உப்பு ஒரு கல்லு கூட. எங்க தோட்டத்துல இப்படி இல்ல" என்பார். தட்டு மட்டும் வழித்த மாதிரி இருக்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில் தெய்வம்மா ஒரு கோழியை நேர்ந்துவிட்டாள். அவளுடைய மகள் சின்னம்மை கட்டிக்கொடுத்த வீட்டோடு சிலோனிலேயே இருந்தாள். அவர்களுக்கு இந்தியா வருவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை. வயிற்றில் எட்டு மாதம் என்று கடிதம் வந்தது, பிறகு மூன்று மாதமாகக் கடிதமே இல்லை. "எம் மக கைப்பிள்ளையோட கரை எறங்கிட்டா, இந்தப் புள்ளிக்கோழிய உயிரோட கீழூர்ல இருக்கிற ஒங் கோயில்ல கொண்டாந்து வுடறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டாள். ஒன்றை நேர்ந்துவிட்டால் அதற்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. அது இடையில் செத்துவிட்டால் அம்மாள் கையை விரித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

அடையாளத்துக்குக் கோழிக் காலில் மஞ்சள் துணி கட்ட வேண்டும். தெய்வம்மா ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து வைத்திருந்தாள். ராஜரத்தினம் வந்து பார்த்தார்.

"என்னா இது, வெரல்ல காயத்துக்குக் கட்டற மாதிரி? எங்க தோட்டத்துல ஒரு மொழம் கட்டுவோம். சாமி காரியம், கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

அவரே ஒரு முழத்துக்கு நாடாவாகக் கிழித்தார். அவரே கோழிக்காலில் சுற்றி, தன் வழக்கப்படி இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வால்போலத் தொங்கவிட்டார். கோழி அதை இழுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே தடுக்கித் தடுக்கி நடந்தது.

"கங்காணியாரே, கோழிக்குச் சேல கட்டி வுட்டுட்டீங்க. ரவிக்க எப்போ?" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா.

"ஒனக்கு மொற தெரியாது. பேசாம இரு" என்றார் அவர்.

பத்து நாள் மழை பெய்தது. துணி நனைந்து நைந்தது. ஒரு நாள் பார்த்தால் காலில் துணியே இல்லை. செடிக்குள் எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் கோழி தீனி எடுக்கவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விட்டது. தெய்வம்மா தூக்கிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே இரைப்பை காய்ந்த விளாங்காய்போல இறுகிக் கிடந்தது. ராத்திரி தின்றது விடிந்தால் கரைந்திருக்க வேண்டும். இது கரையவில்லை. வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது.

கொழுந்துக் கூடையில் சாக்கை விரித்து அடுப்போரம் வைத்தாள். நல்லெண்ணெயைத் திரியில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டு, இரைப்பையை விரலால் மெல்ல நீவினாள். கொஞ்சம் இளகுகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ராஜரத்தினம் வந்து சேர்ந்தார்.

"எண்ணெய் குடுக்கலாமா? கோழி ஒடம்பு ஒனக்கு என்னா தெரியும்? எங்க அப்பா நூறு கோழி வளத்தவரு. நல்ல கறுப்பா சாயத் தண்ணி போடு, உப்பு அள்ளிப் போடு. மூணு வேள குடு."

சாயத் தண்ணி என்றால் பால் இல்லாத தேநீர். மனிதருக்கு வயிறு கலங்கினால் சிலோன் லயத்தில் செய்கிற வைத்தியம் அது. போகிறதைக் கட்டுகிற தண்ணீரை, கட்டிக்கொண்டு கிடக்கிற வயிற்றுக்குக் கொடுக்கச் சொன்னார். தெய்வம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கோட்டுப் பைக்குள் போன முடிச்சு ஞாபகம் வந்தது. கொடுத்தாள். இரைப்பை கல்லாகிவிட்டது.

மறுநாள் வந்து கோழியின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினார். "வாந்தி எடுத்தா சரியாப் போயிரும்." கோழி மூச்சு முட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. தெய்வம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவர் கோட்டை உதறிவிட்டுக்கொண்டார். "துணி அவுந்து வுழுந்தப்பவே எனக்குத் தெரியும். சாமி குத்தம். நீ எதையோ அசுத்தமாத் தொட்டிருக்க. இனி இது பொழைக்காது, தெய்வம்மா. சாகறதுக்கு முன்னாடி அறுத்து மெளகு போட்டு வச்சிரு. எனக்கும் சளி கட்டிக்கிட்டு இருக்கு. ஒரு கால மட்டும் அனுப்பு."

ஒரு தாய் தன் மகளின் உயிரென்று மடியில் வைத்துக்கொண்டிருக்கிற கோழி அது. அதில் அவருக்குத் தெரிந்தது ஒரு கால். அவருக்குச் சோறு கொடுக்க அன்றைக்குத் தெய்வம்மாவின் முறை. சோறு மட்டும் அனுப்பி வைத்தாள்.

"அந்த ஆளு வாய்க்கு மரியாத குடுத்துக் குடுத்தே நீ கோழியக் கொன்னுருவ" என்றாள் கருப்பம்மா. "கங்காணி மவனாம். அப்பன் இல்லாட்டி ஆட்டுக்குத் தழ போடக்கூட ஆவாது."

"வுடு கருப்பம்மா. என்னா இருந்தாலும் பெரிய மனுசன்."

"கோட்டு பெருசு."

ஞாயிற்றுக்கிழமை அமீனா முட்டை வாங்க வந்தாள். கோத்தகிரி பஜாரில் அவளுடைய வீட்டுக்காரருக்கு டீக்கடை. லயத்து முட்டையெல்லாம் அங்கேதான் போகும். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கோழியை வாங்கி இரைப்பையை அமுக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க தெய்வம்மா, இது தீனி இல்லீங்க. உள்ள சுருட்டிக்கிட்டுக் கெடக்குது பாருங்க. நாரோ கயிறோ முழுங்கியிருக்குது. கீறித்தான் எடுக்கோணும்."

"கீறறதா? நேந்துவுட்ட உசுரும்மா. சாமிக்குன்னு வுட்டதுமேல கத்தி படலாமா?"

"படலீன்னா நாளைக்கு விடியறதுக்குள்ள போயிருமுங்க. காரமடையில எங்க அம்மா ஊட்ல நாலஞ்சு கோழிக்கு நானே தெச்சிருக்கறேன். நீங்க கும்பிட்டுட்டு வாங்க, நான் தண்ணி சுட வைக்கறேன்."

தெய்வம்மா கற்பூர மரத்தடிக்குப் போய் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. திருநீறை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

பாதி பிளேடையும் ஊசியையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள். கருப்பம்மா கோழியைத் துணியில் சுற்றிப் பிடித்தாள். இரைப்பையின் மேல் இறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, அமீனா "பிஸ்மில்லா" என்று சொல்லி மேல்தோலை ஒரு விரற்கடை கீறினாள். அடுத்தது இரைப்பையின் சொந்தத் தோல், அதையும் கீறினாள். தெய்வம்மா மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே கோழியின் தலையைப் பிடித்திருந்தாள். அழுகின புல் வந்தது. சோளம் வந்தது. பிறகு ஏதோ ஒரு முனை தட்டுப்பட்டது. இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. பழுப்பேறிய மஞ்சள் துணி, ஒரு முழம். நடுவில் இரட்டை முடிச்சு.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஆட்டாதீங்க, தைக்கோணும்" என்றாள் அமீனா.

உள்தோலைத் தனியாக, மேல்தோலைத் தனியாக, எண்ணெயில் தொட்ட நூலால் தைத்தாள். மஞ்சளும் சாம்பலும் அப்பினாள். "ரெண்டு நாளைக்குத் தண்ணி மட்டுமுங்க. பொறகு கஞ்சி."

கருப்பம்மா துணியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "இத அந்தாளு நாக்காலிலயே கொண்டுபோய்க் கட்டிட்டு வர்றேன்."

தெய்வம்மா வாசலை மறித்தாள். "வேணாம். மாரியாத்தா மேல ஆணையாச் சொல்லு, நீ இத யாருகிட்டயும் பேசக்கூடாது."

"அந்த ஆளுக்கா இந்தப் பரிவு?"

"ஆளுக்கு இல்ல. ஒரு கணக்கு இருக்கு, எனக்கும் அவருக்கும். வுட்டுரு."

கருப்பம்மா ஆணையிட்டாள். பொறுக்க முடியாத சரக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கோழி பட்டதற்குக் குறைவில்லை. தெய்வம்மா துணியை அலசி, சாமிக்கென்று ஆனதை எறிய மனமில்லாமல், சூலத்தில் கட்டிவிட்டாள்.

கோழி ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தது. பத்தாம் நாள் மண்ணைக் கிளறியது. ராஜரத்தினம் வந்து இறகுக்குள் தெரிந்த தையலை எட்டிப் பார்த்தார். "பாத்தியா, சாயத் தண்ணி மெதுவாத்தான் வேல செய்யும்" என்றார். கருப்பம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

புரட்டாசி முடியும்போது மண்டபத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரமே சின்னம்மை ஆண் குழந்தையோடு கோத்தகிரி பஸ் நிலையத்தில் இறங்கினாள். கோழியை வாக்குப்படி கீழூர் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதன் காலில் விரல் நீளத்துக்கு ஒரு துணி. முன்னால் நடந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பூசாரியிடம், "எங் கைவைத்தியத்துல பொழச்ச கோழி" என்று சொல்லிக் கையிலே கொடுத்தார். பூசாரி அவருக்கு மாலைகூடப் போட்டார்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் இதே நடைதான். நாற்காலி, கோட்டு, ஒரு கல்லு கூடின உப்பு. பிறகு ஓவேலியில் இருக்கிற தம்பி மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். கிளம்பும் முன்னால் கற்பூர மரத்தடிக்குப் போய்க் கும்பிட்டார். சூலத்தில் வெயிலிலும் மழையிலும் வெளுத்துத் தொங்கிய துணியைக் கையில் பிடித்து, தன் இரட்டை முடிச்சைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பஸ் ஏற்றிவிட வந்தது தெய்வம்மா ஒருத்திதான். கோட்டை மடித்து மடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வண்டி உறுமியது. அவர் அவளைப் பார்க்காமல், எதிரே தேயிலைச் சரிவைப் பார்த்தபடி சொன்னார்:

"இனிமே எதையாச்சும் நேந்துவுட்டா, துணிய ஒரு சாணுக்கு மேல கட்டாத தெய்வம்மா. எங்க தோட்டத்துல எப்பவும் ஒரு சாண்தான்."