ஓனர் வீட்டுக் களவாக் குஞ்சு

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். மீன் சமைக்கக் கூடாது என்பது கீழ்வீட்டு ஓனரின் கண்டிஷன். மசக்கையில் நாக்கு கேட்கவே, ஒருநாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் நெத்திலி வறுத்தேன். ஓனர் படியேறி வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "நாத்தம் கொடலப் பொரட்டறது. இந்த மாசமே காலி பண்ணிடுங்கோ" என்றார்.

அவர் ஹாலிலோ கண்ணாடித் தொட்டி நிறைய கடல் மீன்கள். பாக்கெட் தீனி போட்டு வளர்த்தார்.

காலி செய்த அன்று, பட்டினப்பாக்கத்து மீன்கார அக்காவிடம் உயிரோடு விரல் நீளக் களவா மீன் குஞ்சு ஒன்று கேட்டேன்.

"தொட்டில வுடப்போறியா? வாய்க்கு அடங்குற மீன ஒண்ணு வுடாம முழுங்கிடும்மா இது."

அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுச் சாவியோடு குஞ்சையும் சிரித்தபடி ஓனரிடம் கொடுத்தேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறு வருடம் குழந்தையோடு பட்டினப்பாக்கத்துக்குப் போனால், மீன் கடையில் மஞ்சள் பையோடு ஓனர் நிற்கிறார்.

"மத்த மீனையெல்லாம் முழுங்கிடுத்தும்மா. ஆனா என்னைக் கண்டா ஓடி வரது. நெத்திலியத் தவிர எதையும் தொடாது."

"நெத்திலிய எங்க சார் வெச்சுக்கறீங்க?"

"ஃபிரிட்ஜுலதான். தயிருக்குப் பக்கத்துல."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "நாத்தம் வரலையா சார்?" என்றேன்.

"பழகிடுத்தும்மா."

ஒரு மீனுக்காகப் பழகிக்கொண்ட அந்த மூக்கு, ஒரு மசக்கைக்காரிக்காக ஒரு வேளை பொறுத்துக்கொள்ளவில்லை. அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.