ஜான் பீயின் சோடாவும் டில்லி சர்க்காரும்

இந்தியாவில் சுற்றுச்சூழல் நிர்வாகம் வளர்ந்த கதையை டில்லியில் யாராவது ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். பாவம். காரிமங்கலத்துக்கு வந்து ஜான் பீயின் சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கடைக்குப் பின்னால் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் ஜவ்வரிசி ஆலை. கிழங்கு அரைத்த கழிவுநீரை ஆலை வெளியே விட, கிணறு உள்ளே வாங்கிக்கொண்டது. தண்ணீர் புளித்து நாறியது. சோடாக்காரிக்குக் கிணறு போனால் கடையே போன மாதிரி. புருஷன் காசிம் ஒரு மைல் தள்ளி, மாதப்பன் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். இடுப்பு போயிற்று. ஜான் பீ மனு போட்டாள்.

1980இல் டில்லியில் சுற்றுச்சூழலுக்கென்றே தனித் துறை பிறந்தது. அந்தக் காற்று இங்கே வீச இரண்டு வருஷம் ஆயிற்று. பஸ்ஸில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். வெயிலில் வந்தவருக்கு நாற்றத் தண்ணீரையா கொடுப்பது? மாதப்பன் தோட்டத்துத் தண்ணீரில் போட்ட பன்னீர் சோடாவை நீட்டினாள் ஜான் பீ. கிணற்றைப் பார்க்க எழுந்தவர், ஏப்பம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். ‘தண்ணீரில் குறையில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

1985இல் துறை அமைச்சகமாக உயர்ந்தது. ஆகவே ஜீப் வந்தது, அதே அதிகாரியோடு இன்னொருவரும் வந்தார். ஆகவே இரண்டு சோடா. குறையில்லை என்பதற்கும் இரண்டு கையெழுத்து.

அடுத்த வருஷம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. மறுபடி ஜீப் வரும் என்று சேதி.

“இப்படியே போனா ஐ.நா. சபையே வந்து சோடா குடிக்கும், ஜானு. என் இடுப்பு தாங்காது” என்றார் காசிம்.

“வரட்டுங்க. இந்தத் தடவ மாதப்பன் தோட்டத்துக்கு வண்டி தள்ளாதீங்க.”

“வூட்டுக்கு வந்தவங்களுக்கு இந்தத் தண்ணியா? அல்லா கேக்க மாட்டானா?”

“கேட்டா நான் பேசிக்கிறேன்.”

அதிகாரி வந்தார். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் பெட்டியைத் திறக்குமுன் வழக்கம்போல் கையை நீட்டினார். பன்னீர்கூட விடாத சோடா. ஒரு மடக்கு உள்ளே போய், அப்படியே வெளியே வந்தது.

“என்னம்மா இது! செத்த எலி நாத்தம்!”

“பின்னாடி கெணறுங்க, சார். இதத்தானுங்க மனு மனுவா எழுதறேன்.”

“போன தடவ நல்லாத்தானே இருந்துச்சு?”

“அது மாதப்பன் கெணறுங்க. நல்ல தண்ணி. நீங்க எழுதுனதுல தப்பே இல்லீங்க.”

வாயைத் துடைத்துக்கொண்டே அதிகாரி முதன்முறையாக ஆலைக்குள் நடந்தார். சட்டமும் கூடவே நடந்தது. கழிவுக்குத் தனித் தொட்டி கட்டும்வரை ஆலைக்குப் பூட்டு.

இரண்டு மழைக்காலம் போனபின் அவரே பார்வையிட வந்தார். ஜான் பீ சோடாவை நீட்டினாள். வாங்க வந்த அவர் கை பாதியில் நின்றது.

“இது எந்தக் கெணறுங்க?”

ஜான் பீ கடைக்குப் பின்னால் கண்ணைக் காட்டிவிட்டு, கட்டைவிரலால் கோலியை அழுத்தி, முதல் மடக்கைத் தானே குடித்துவிட்டு, அவருக்குப் புது பாட்டில் உடைத்தாள்.