படுத்தால் மூச்சு, எழுந்தால் மயக்கம்

என் வீட்டுக்காரர் பாடாலூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் இட்லி, தோசை. மதியம் சாப்பாடு. மெட்ராசுக்கும் திருச்சிக்கும் போய்வரும் லாரிக்காரர்கள்தான் எங்கள் பிழைப்பு. அடுப்படியில் அவர், மாவாட்டவும் காய் நறுக்கவும் நான். எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, தோசைக்கல் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருச்சியில் வைத்துப் பார்த்து உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆனால் இதயம் பலமிழந்துவிட்டது என்றார்கள்.

அதன்பிறகு பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரைகளை மேசைமேல் பரப்பி எனக்குத்தான் விளக்கினார். ஒன்று இதயத்துக்குத் தெம்பு கொடுப்பது. ஒன்று உடம்பில் சேரும் நீரை வெளியேற்றுவது. இன்னொன்று ரத்தக்குழாயைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தைக் குறைப்பது. உப்பை நன்றாகக் குறைக்கச் சொன்னார். நாளெல்லாம் குழம்பை நாக்கில் விட்டுப் பார்க்கிற மனுஷனிடம் அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாத்திரையால் கால் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த நெஞ்சுவலிக்குப் பிறகு அவருக்குப் பிரஷர் குறைவு. மாத்திரை போட்டபின் இன்னும் இறங்கியது. குனிந்து விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் ஆடிப்போவார். ஒருமுறை விழாமலிருக்க அடுப்பு விளிம்பைப் பிடித்து உள்ளங்கை வெந்துபோனது. மருந்து தடவிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"எந்திரிச்சா கண்ண இருட்டிக்கிட்டு வருது. படுத்தா மூச்சு முட்டுது. நான் எங்கதான் புள்ள இருக்கறது?"

நான் துணியைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினேன்.

கை வெந்ததைக் கேள்விப்பட்டு வரதராஜன்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தாய் செத்தபின் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். வந்ததும் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். கஞ்சி வைத்து, கைநிறைய உப்பைப் போட்டு, நாரத்தங்காய் ஊறுகாயோடு கொண்டுவந்தார்.

"அண்ணி, டாக்டர் உப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றேன்.

"அது பிரஷர் கூடிப்போனவங்களுக்கும்மா. இவனுக்குத்தான் பிரஷரே இல்லங்கறீங்களே. எங்க தெருவுல ஒருத்திக்கு லோ பிரஷர்னு சொல்லி, உப்புப் போட்டு எலுமிச்சம்பழச் சாறு குடிக்கச் சொன்னாங்க. அந்த மாத்திரையையும் ரெண்டு நாளைக்கு நிறுத்து. அதானே இவனக் கீழ தள்ளுது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுத்துச் சொல்ல எனக்கு விவரம் போதாது. மாத்திரையை நிறுத்தினேன், உப்புக் கஞ்சி தினமும் நடந்தது. அதோடு, கஞ்சியைக் குடிக்கும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த தெளிவை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் மயக்கம் குறைந்தது. அதற்கடுத்த நாளும் அடுப்பில் நின்றார். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா, அக்கா கையால குடிச்சதும் எந்திரிச்சிட்டே" என்று தம்பியின் தலையைக் கோதினார்.

அந்த வாரக் கடைசியில் அவருக்குச் செருப்பில் கால் நுழையவில்லை. ஒரு விடியற்காலை மூச்சுக்குத் தவித்து எழுந்தவரால் பேச முடியவில்லை. வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியின் டிரைவர், எங்கள் கடையில் வாடிக்கையாகச் சாப்பிடுகிறவர், அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்துப் பெரம்பலூருக்கு ஓட்டினார்.

டாக்டர் ஊசி போட்டு, மூச்சு சீரானபிறகு எங்களை அழைத்தார். அண்ணி தானாகவே எல்லாவற்றையும் சொல்லி அழுதார். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை.

"உங்க மேல தப்பில்லம்மா. பிரஷர் குறைஞ்சா உப்புன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா இவருக்குப் பிரஷர் குறையறதே இதயம் சரியா தள்ளாததால. உப்பு தண்ணியப் பிடிச்சு வெக்கும். அந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "நம்பரப் பாத்துப் பயப்படாதீங்க. ஆளப் பாருங்க. மயக்கமில்லாம நடக்கறாரு, ஒன்னுக்குச் சரியாப் போறாருன்னா, கொறஞ்ச பிரஷரே இவருக்குப் போதும். மயக்கம் வந்தா எங்கிட்ட வாங்க, நான் மாத்தித் தரேன். நீங்களா நிறுத்தாதீங்க."

எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில் போடாமல் பிரித்துக் கொடுத்தார். தளர்த்துகிற மாத்திரையைப் பாதியாக்கினார். படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொன்னார். பேதியோ வாந்தியோ வந்தால் நீர் மாத்திரை போடுமுன் தன்னிடம் கேட்கச் சொன்னார். தினமும் எடை பார்க்கச் சொன்னார். திடீரென்று எடை கூடினால் அது சதையல்ல, தண்ணீர்.

எடைக்கு எங்கே போவது? பக்கத்து வெங்காய மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. காலையில் அதில் ஏறி நிற்பார். மண்டிக்காரர், "இன்னிக்கும் அதே எடைதாண்ணே, தரமான சரக்கு" என்பார். என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே இறங்குவார், மெதுவாக, தூணைப் பிடித்தபடி.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. அடுப்புக்கு வேறு மாஸ்டரை வைத்து, அவரைக் கல்லாவில் உட்காரவைத்தோம். அங்கிருந்தே, "தோச காந்துதுப்பா" என்று குரல் கொடுப்பார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தால் காந்தியிருக்கும். அதற்காக மகிழ்வதா, அந்த மனுஷன் அடுப்புக்குப் போக முடியவில்லையே என்று அழுவதா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மயக்கம் வர ஆரம்பித்தது. கை கால் சில்லிட்டது. டாக்டர் தளர்த்துகிற மாத்திரையைப் பாதியிலிருந்து கால் மாத்திரையாக்கினார். பின்பு அந்த மாத்திரையையே நிறுத்தினார். நிறுத்தியதும் வீக்கம் ஏறியது. நீர் மாத்திரையைக் கூட்டினால் பிரஷர் இன்னும் இறங்கியது. ஒருநாள் என்னை வாசல்வரை கூட்டிவந்து சொன்னார்: "மருந்து இருக்கும்மா. குடுக்கறதுக்குத்தான் பிரஷர் எடம் விட மாட்டேங்குது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும் பஸ்சில் என் தோளில் சாய்ந்திருந்தவர், "வாசல்ல என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "அடுத்த வாரம் வரச் சொன்னாருங்க" என்றேன். "சரி" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. மதியக் கூட்டம் கலைந்தபின், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின்னும் அண்ணி போகவில்லை. ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் ஊத்தின கஞ்சியாலதான..."

"இல்லீங்க அண்ணி. அது அப்பவே சரியாப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் நல்லாத்தான இருந்தாரு? டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

தலையை ஆட்டினார். அவரை லாரியில் தூக்கிப்போன அந்தச் சில நாட்களில் அண்ணிமேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் நான் சொன்னது சமாதானமல்ல. நடந்தது அதுதான். இருந்தும் ஒவ்வொரு முறை வரும்போதும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். கடைசிவரை நம்பினாரா என்று தெரியாது.

கடையை மாஸ்டரே எடுத்துக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை கிடைத்தது. முதல்நாள் சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு, சரியா இருக்கா பாருங்க என்று சொல்லத் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.