அக்கா போட்ட சிவப்பு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவஞ்சலியில் அவர் பொறுமையின் சிகரம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதக் கை வரவில்லை. நாம் அவரைப் பொறுத்துக்கொள்ள வைத்தோம், அவ்வளவுதான்.

அக்கா பிறந்தது தேவிகாபுரத்தில். அப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்தபோது அவருக்கு ஐந்து வயது. போளூரில் வாழ்க்கைப்பட்டார். இரண்டே வருடத்தில் மாமா விஷக்காய்ச்சலில் போய்விட, இருபத்திரண்டு வயதில் வெள்ளைப் புடவையோடு பட்டறைக்கே திரும்பினார்.

அப்பாவின் கண்ணில் புரை விழுந்திருந்த காலம் அது. கொப்பரையில் கொதிக்கும் நூலை எந்த நிமிடத்தில் தூக்க வேண்டும் என்பது அக்காவின் கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் கூறைப் புடவைக்குச் சிவப்புப் போடும் நாளில் மட்டும் அவர் கொப்பரைப் பக்கம் வரக்கூடாது. அம்மா ஒரு சிட்டிகை குங்குமம் போட்டுத் தொடங்கி வைப்பார். அது எங்கள் வீட்டு வழக்கம்.

எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸ் சினிமாக் கம்பெனி ஒன்றின் உடை அலங்காரக்காரர் பட்டறைக்கு வந்தார். கதாநாயகிக்குக் கல்யாணத்தில் அரக்குச் சிவப்பு, புருஷன் செத்த அடுத்த காட்சியில் வெள்ளை என்று விவரித்தார். கதவோரம் நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தார்.

"வெள்ளைய ஊரு ஒரே நாள்ல கட்டி வுட்டுடும்ங்க. மனசு அவ்ளோ ஜல்தியா வெளுக்காதுங்க. அந்தக் கல்யாணப் புடவையவே அவ கட்டிகினு இருக்கட்டும். காட்சிக்குக் காட்சி செவப்பக் கொறைச்சிகினே வாங்க. வசனமே வேணாம், பாக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்."

வந்தவர் குறிப்பேட்டில் வெள்ளை என்று எழுதியிருந்ததை அடித்தார். பிறகு, "நீங்களே போட்டுக் குடுத்துடுங்கம்மா" என்றார். அரக்கு, செங்கல், வெளுத்த ரோஜா, கடைசியில் சாம்பல் தட்டிய ஒரு நிறம். நான்கையும் அக்காதான் போட்டார். சினிமாப் புடவைதானே, அதற்கு எந்தத் தீட்டும் கிடையாது.

படம் ஆரணிக்கு வந்ததும் சொந்தபந்தமெல்லாம் திரண்டு போனோம். ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சாம்பல் நிறப் புடவையோடு கதாநாயகி தூணுக்குப் பின்னால் ஒதுங்குவாள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. சுற்றிலும் பட்டுப் புடவைகள் பளபளக்க, அவள் மட்டும் சுவரோடு சுவராகத் தெரிவாள். தியேட்டரே விம்மியது. நம் உறவுப் பெண்மணி ஒருவர் மூக்கைச் சிந்தி, "பாவம்டி அந்தப் பொண்ணு, நல்லது கெட்டதுல நிக்கக்கூட வுட மாட்றானுங்களே பாவிங்க!" என்று அழுதார். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

அதே வாரம் ஒரு முகூர்த்தம். அதே பெண்மணி அக்காவிடம், "பொண்ணு வர்ற நேரம், நீ கொஞ்சம் உள்ளப் போம்மா" என்றார். பெயர் எழுதவில்லை. படிக்கும்போது அவருக்கே தெரியும்.

கொப்பரையின் ஆவி கடைசியில் அக்காவின் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்கு நீலப் புடவை எடுத்துக் கொடுத்து, "கட்டிக்கினு வா, பாக்கணும்" என்று சொன்ன ஒரே மனுஷியும் அவர்தான். அவருக்கு எங்கள் நன்றி. இறுதிச் சடங்குக்கு வந்து கதறிய உறவினர்களுக்கும் நன்றி. உங்களுக்கு அழ வரும் என்பது எனக்குத் தியேட்டரிலேயே தெரியும்.

இன்னும் ஒன்று. அப்பா கண் மங்கிய பிறகு கூறைச் சிவப்பைப் போட வீட்டில் வேறு ஆள் இல்லை. அம்மா குங்குமத்தைப் போட்டதும் முன்கதவைத் தாழிட்டு, அக்காவைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைப்பார்கள். எங்களிடம் சாயம் போட்ட உங்கள் வீட்டுக் கூறைப் புடவைகள் எல்லாம் அவர் கையில் நனைந்தவை. பெட்டியைத் திறந்து பாருங்கள், அந்தச் சிவப்பு இன்னும் வெளுத்திருக்காது.

என் மனைவியின் கூறையும் அப்படித்தான். நான் தாலி கட்டியபோது அக்கா சமையற்கட்டில் நின்றிருந்தார். மணையிலிருந்து பார்த்தால் அவர் தெரிந்தார். நான் கூப்பிடவில்லை.