சிரிக்காமல் இருக்கச் சொன்ன மலர்க்கொடி

போன வாரம் காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் ஒரகடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது முத்துக்குமார் போன் செய்தான். “சேகரு, நம்ம மலரு போயிருச்சுடா” என்றான். பத்து நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தவர், தேறி வருகிறார் என்றுதான் முந்தைய நாள்வரை சொல்லியிருந்தார்கள். மலர்க்கொடிக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலம் கைவிட்டுப் போன பிறகு அவருடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் தோட்ட வேலை பார்த்தார். மலர் படிப்பில் நடுத்தரம். கணக்கு என்றால் பயம். குரல் மட்டும் வகுப்பையே தாண்டிக் கேட்கும்.

2007 ஜூனில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தபோது முத்துக்குமார் வந்து சேர்ந்தான். ராமநாதபுரம் பக்கம். அவனுடைய அப்பாவுக்கு இங்கே செக்யூரிட்டி வேலை. முதல் நாள் டீச்சர் “வீடு எங்கே?” என்று கேட்டதற்கு, “சுங்குவார்சத்திரத்துக்கு அங்கிட்டு டீச்சர்” என்றான். பின் பெஞ்சிலிருந்து நான் அதே இழுவையில் “அங்கிட்டு” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் அங்கிட்டு.

எனக்கு அது பிடித்துப்போனது. அவன் வாய் திறந்தால் நான் பேசிக் காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவன் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருநாள் அவன் வெள்ளைச் சட்டை முதுகில் பேனா மையால் அந்தப் பெயரை எழுதினேன். அது தெரியாமல் அவன் சாயங்காலம்வரை அதோடு நடந்தான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் வரவில்லை.

மலர்தான் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவனுடைய வாடகை வீட்டைத் தேடிப் போனார். பள்ளிக்கூடம் வேண்டாம், டீக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயருகே மலர் என்னைப் பிடித்தார். “இன்னா சேகரு, உனக்கு சிரிப்பு வேணும்னா அவன் படிப்பு போவணுமா?”

“நான் மட்டுமா? எல்லாருந்தான் சிரிச்சீங்க.”

“ஆமா, நானும்தான் சிரிச்சேன். இனிமே சிரிக்க மாட்டேன். டீச்சராண்ட சொல்லப்போறேன், உன் பேரையும் சொல்லுவேன். அப்பால தெரிஞ்சிக்கினு குதிக்காத.”

“கோள் சொல்றியா?”

“உன்னை மாட்டிவுடணும்னு சொன்னாத்தான் கோளு. நான் அவன் திரும்பி வரணும்னு சொல்றேன்.”

டீச்சரிடம் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. இரண்டு நாள் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பேசினார். “யாரும் சேகரோட சண்டை போட வேணாம். அவன் பேசிக் காட்டினா சிரிக்காம இருங்க, அது போதும்.” டீச்சர் என்னைக் கண்டித்தார். முத்துக்குமாரின் வீட்டுக்கும் போய் அவனை அழைத்து வந்தார்.

அவன் வந்த அன்றே நான் மறுபடியும் செய்தேன். வீம்புதான், வேறென்ன? அவன் பாடம் வாசித்ததும் பின்னாலிருந்து இழுத்துப் பேசினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. மதியம் மலரும் இன்னும் நாலைந்து பேரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மலரைப் பற்றி முழுதாகச் சொன்னதாகாது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னே, கரும்பலகையில் மலர் பெயரையும் முத்துக்குமார் பெயரையும் சேர்த்து எழுதி, நடுவில் ஒரு இதயம் வரைந்தேன். மலர் வந்து பார்த்தார், டஸ்டரால் துடைத்தார், போய் உட்கார்ந்தார். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் வழியாகச் செய்தி ஊருக்குள் போய்விட்டது. மூன்று நாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. அப்பா படிப்பை நிறுத்தப்போகிறாராம் என்றார்கள்.

வகுப்பில் இப்போது இரண்டாவது முறையாக ஓர் இடம் காலி. அதுவும் என்னால்தான். பயந்துபோனேன். அன்று சாயங்காலம் பிள்ளைப்பாக்கம் போய், வேலை முடிந்து வந்த அவருடைய அப்பாவிடம், “நான்தாங்க எழுதினேன், பொய்யா எழுதினேன்” என்றேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. வாங்கிக்கொண்டேன். மலர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிக்கு வந்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

முத்துக்குமாரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதைவிட நாளானது. கேட்டபோது அவன், “சரி விடுடா” என்று மட்டும் சொன்னான். சிநேகிதம் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் வந்தது.

அடுத்த வருடம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அவள் பேச்சைக் கேட்டுப் புதுப் பையன் ஒருவன் பேசிக் காட்டினான். என்னையுமறியாமல், “டேய், சும்மா இரு” என்றேன். மலர் திரும்பிப் பார்த்து, “சேகரு, தண்ணி பாட்டில் குடு” என்றார். அவர் என்னிடம் தானாகக் கேட்ட முதல் உதவி அது.

பன்னிரண்டாவது முடித்ததும் மலர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உற்பத்தி லைனில் சேர்ந்தார். வெளியூர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்கள் நிறையப் பேர் அங்கே. புதிதாக வருபவர்களைக் கேன்டீனில் தனியாகச் சாப்பிட விடமாட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். முத்துக்குமார் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் மலரைப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்: “அன்னிக்கு உனக்குப் பயமா இல்லையா?”

“இல்லாம? ரொம்பவே இருந்திச்சு. ஆனா நீ பேசிக் காட்டும்போது ஒருவாட்டி எல்லாரு மூஞ்சியையும் பாத்தேன். பாதிப் பேருக்கு சிரிப்பே வரல. பக்கத்துல இருக்கறவன் சிரிக்கறான்னு இவனும் சிரிக்கறான். அவங்களாண்ட பேசினா போதும்னு தோணிச்சு.” பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அதுதான் கடைசி.

பிள்ளைப்பாக்கத்தில் அவரைத் தூக்கியபோது முன்பக்கம் ஒரு தோள் முத்துக்குமாருடையது, மறு தோள் என்னுடையது. பாதி வழியில் அவனுக்குக் கால் தடுமாறியது. மாற்றுக்கு ஆள் வந்தும் அவன் தன் இடத்தை விடவில்லை. பின்னால் யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷிப்டிலிருந்து நேராக வந்த பெண்கள் அழுதபடி தெருமுனைவரை நடந்து வந்தார்கள்.

அன்று நீங்கள் ஒரு பையனின் படிப்பைக் காப்பாற்றினீர்கள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள், மலர். இரண்டு பையன்களைக் காப்பாற்றினீர்கள் என்பது எனக்குத் தெரியும். நன்றி. நிம்மதியாகப் போய் வாருங்கள்.