"மிகச் சிறப்பு" என்று சொன்ன வாட்ச்

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவரை யாருக்கும் பிடிக்காது. அவர் வந்து போனால் பின்னாலேயே பில் வரும். இருபத்தாறு வருடமாகப் படியேறி, குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு போனவர் அவர். எதையும் இரண்டு தடவை பார்ப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், திரும்பிப் பார்ப்பார், அதுவும் மெதுவாக.

"நாங்க வீட்லயே இல்ல, எப்படி இவ்வளவு ஓடும்?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "மீட்டர் பொய் சொல்லாதும்மா." ஆனால் மீட்டரும் பொய் சொல்லும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆள் குடியிருக்கிற வீட்டில் தண்ணீர் ஓடிய அளவு மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் அது சிக்கனம் இல்லை, பழுது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைப்பார். சாப்பிட உட்கார்ந்தால் மனைவிக்கும் அதே பாடம்தான்.

"ஏறினா வீட்டுக்காரனே கத்துவான். இறங்கினாத்தான் நாம கவனிக்கணும். குறையுதேன்னு யாராவது புகார் குடுப்பாங்களா?"

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. மீட்டர் குழியின் மூடி விழுந்து அவருடைய பழைய கைக்கடிகாரம் நொறுங்கியபோது, அவள்தான் பழையதைப் புதுப்பித்து விற்கும் கடையில் இந்த ஸ்மார்ட்வாட்சை வாங்கி வந்தாள். யாரோ ஓட்டப்பந்தயக்காரர் கட்டியிருந்ததாம். புது பேட்டரி, புது வார். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் மட்டும் பாக்கி.

"பஸ்ஸுக்கே ஓடாத மனுஷன் நீங்க. உங்களுக்கு எதுக்கு மாமா ஓடுறவன் வாட்சு?" என்று அவள் தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுத்தைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தான். வேறு எதையும் அவன் தொடவில்லை.

ஓடாவிட்டால் என்ன, அவருக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. குழிக்குள் கையை விட்டால் வாட்சிலேயே வெளிச்சம். காலையில் மனைவியின் தூக்கம் கெடாமல் மணிக்கட்டை மட்டும் அதிர்ந்து எழுப்பும். சாயங்காலம் எத்தனை அடி நடந்தார் என்று சொல்லும். எல்லாவற்றையும்விட, எழுந்ததும் நாடித்துடிப்பைக் காட்டி அதற்கு ஒரு மார்க்கும் போடும். வாங்கிய புதிதில் அறுபத்து நாலு, "நன்று". மூன்று மாதத்தில் ஐம்பத்தைந்து, "சிறப்பு". பிறகு நாற்பத்தெட்டு, "மிகச் சிறப்பு". வாழ்நாளில் யாரும் அவருக்கு மிகச் சிறப்பு என்று சொன்னதில்லை, பாவம். தலைகால் புரியவில்லை அவருக்கு.

அதே நாட்களில்தான் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியிலேயே உட்கார்ந்துவிடுவார். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். வாட்ச் அதற்கும் சமாதானம் வைத்திருந்தது: "ஓய்வு தேவை, 48 மணி நேரம்."

"பாரு, உழைச்ச உடம்பு. அதான் களைப்பு," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படுத்திருந்தவரின் கையை மனைவி தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதேதான்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

அவர் கையைத் திருப்பி வாட்சைக் காட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி. "மிகச் சிறப்புன்னு போட்டிருக்கு, படி. ஆமைக்கு மெதுவாத்தான் அடிக்கும். அதான் அது ரொம்ப வருஷம் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு விடவில்லை, "எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டக்காரன் இதயம்" என்று மறுநாள் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தன் விரல் எண்ணியதை விட்டுவிட்டு வாட்ச் போட்ட மார்க்கை நம்பினாளே, அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படியில் விழுந்தார். பில்லுக்காக அவரோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் வீட்டுக்காரம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாட்சைக் கழற்றி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஓடி வந்திருந்த மனைவியிடம் கேட்டாள். "ஆறு மாசமா இறங்கிக்கிட்டே இருக்கே. ஏன் வரல?"

"நல்லதுன்னு போட்டிருந்தது டாக்டர்."

"தினம் ஓடிப் பழகின உடம்புக்கு அது நல்லதா இருக்கலாம். இவர் இதயம் அடிக்க முடியாம மெதுவாயிருக்கு. நாற்பதுக்குக் கீழ போனா இது அதிர்ந்து எச்சரிக்கணும். நீங்க அதை அணைச்சு வெச்சிருக்கீங்க."

"நாங்க அதையெல்லாம் தொட்டதே இல்லையே!"

அணைத்தவர் பழைய சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். நாடி மெதுவாக ஓடும் ஓட்டக்காரருக்கு அது சும்மாச் சும்மா அதிர்ந்து தொல்லை கொடுத்திருக்கும். கடைக்காரர்கள் வாரையும் பேட்டரியையும் மாற்றினார்கள். உள்ளே ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நெஞ்சில் சின்னக் கருவி ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றாள் டாக்டரம்மா. அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அவருடைய பை வந்தது. டார்ச், மூடி தூக்கும் கொக்கி, மீட்டர் நோட்டு. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி அந்த மூன்றாம் மாடி வீடு. போன மாதத்தைவிட ஓடிய அளவு குறைந்திருந்தது. நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம்.

அதுவரை அழாமல் இருந்தவள் நோட்டை மடியில் போட்டுக்கொண்டு உடைந்தாள். "ஊரார் வீட்டுல குறைஞ்சா வட்டம் போடத் தெரிஞ்சுதே! உங்க கையில குறைஞ்சது தெரியலையா? பாடம் கேட்ட எனக்கும் தெரியலையே!"

வாட்சைக் குப்பையில் போடு என்றான் தம்பி. அவள் கொடுக்கவில்லை. தொழிற்சாலை இரைச்சலில் அடுப்பு மணி காதில் விழாது. பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கையில் அதிர்ந்தால் ரொட்டி கருகாது. வாரில் புதிதாக ஒரு துளை போட்டுக் கட்டிக்கொண்டாள். தம்பியை உட்கார வைத்து முதல் வேலையாக அணைந்திருந்த அந்த எச்சரிக்கையைப் போட வைத்தாள். இனி யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

காலையில் எழுந்ததும் பார்க்கிறாள். எண்பத்து நாலு. "மோசம்."

"ஏங்க, நான் மோசமாம்," என்று கட்டிலின் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்கிறாள். தினமும் சொல்கிறாள். பிறகு எழுந்து, ஒரே ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.